சகுனம் பார்க்கலாமா?

ஒரு காரியமாக வெளியே புறப்படுகிறோம். வாசற்படி இறங்கும்போதே, எல்லாப் பொறுப்பையும் அல்லாஹ்விடம் ஒப்படைத்துவிட்டதாக துஆ ஓதிக்கொள்கிறோம். நாலடி வைப்பதற்குள் பூனையொன்று குறுக்கே ஓடுகிறது. கால் நின்றுவிடுகிறது. வீட்டுக்குத் திரும்பி, ஒரு மிடறு தண்ணீர் குடித்து, சற்று உட்கார்ந்துவிட்டு மறுபடியும் புறப்படுகிறோம். துஆ ஓதிய நாவின் ஈரம் காய்வதற்குள், அல்லாஹ்விடம் ஒப்படைத்த பொறுப்பைத் திரும்பப் பெற்று ஒரு பூனையின் காலடியில் வைத்துவிட்டோமே! இதை என்றைக்காவது எண்ணிப் பார்த்திருக்கிறோமா?

'இதெல்லாம் பெரிய குற்றமா? ஊர் வழக்கம், மனசுக்கு ஒரு திருப்தி, அவ்வளவுதானே' என்று சிலர் கேட்கலாம். சின்ன விஷயமா, பெரிய விஷயமா என்பதை அன்பர்கள் இக்கட்டுரையை இறுதிவரை படித்துவிட்டுத் தாமே முடிவு செய்யட்டும்.

சகுனம் பார்ப்பது நேற்று முளைத்த வழக்கமன்று. பழந்தமிழில் 'புள்' என்றால் பறவை. அதே சொல்லுக்கு நிமித்தம் என்றும் பொருளுண்டு. வடமொழியில் 'சகுனம்' என்ற சொல்லுக்கும் பறவை என்ற பொருளுண்டு. அரபியில் சகுனத்துக்குப் பெயர் 'தியரா'. அதுவும் பறவையைக் குறிக்கும் 'தைர்' என்ற சொல்லிலிருந்து பிறந்ததே. மூன்று மொழிகள், மூன்று நாடுகள். ஆனால் மனிதனின் அச்சம் ஒன்றுதான். நாளை என்ன நடக்கும் என்று அறியாத மனிதன், தலைக்குமேல் பறந்த பறவையிடம் அதைக் கேட்கப் போனான்.

அறியாமைக் கால அரபிகள் பயணம் புறப்படும்போது பறவையைக் கலைத்து விடுவார்கள். வலப்புறம் பறந்தால் பயணம். இடப்புறம் பறந்தால் வீடு. நம் நாட்டிலோ இது ஒரு சாஸ்திரமாகவே வளர்ந்தது. கி.பி. 6-ஆம் நூற்றாண்டில் வராகமிகிரர் எழுதிய பிருகத் சம்ஹிதையில் பறவை, விலங்கு முதலியவற்றின் சகுனங்களுக்கென்றே அத்தியாயங்கள் உள்ளன. நம் தமிழகத்திலும், போருக்குச் சென்ற தலைவன் திரும்புவானா என்றறிய முதிய பெண்கள் ஊருக்கு வெளியே நெல்லும் முல்லைப் பூவும் தூவி நின்று, யாரோ பேசும் தற்செயலான சொல்லுக்குச் செவி சாய்ப்பார்கள். 'விரிச்சி' என்று அதற்குப் பெயர். முல்லைப்பாட்டில் அக்காட்சி வருகிறது. காக்கை கரைந்தால் விருந்து வரும் என்ற நம்பிக்கையைப் பாடியதால் காக்கைபாடினியார் என்றே பெயர் பெற்ற பெண்பாற் புலவரும் சங்க காலத்தில் இருந்தார். பல்லி எந்தத் திசையில் சொன்னால் என்ன பலன், உடம்பில் எங்கு விழுந்தால் என்ன பலன் என்று கூறும் கௌளி சாஸ்திரம் பஞ்சாங்கங்களில் பட்டியலாகவே அச்சிடப்படுகிறது.

அண்டை வீட்டார் எதை நம்புகிறார்கள் என்று ஏளனம் செய்வதற்காக இதை நாம் எழுதவில்லை. அது நமக்கு அழகுமன்று. மார்க்கம் அதற்கு அனுமதிக்கவுமில்லை. நம் வீட்டில் என்ன நடக்கிறது என்று பார்ப்பதே நம் நோக்கம். கலிமாச் சொன்ன நம் வீடுகளிலும் ஆந்தை அலறினால் மய்யித்து விழும் என்கிறோம். புறப்படும்போது ஒருவர் தும்மினால் முகம் சுளிக்கிறோம். ஸஃபர் மாதத்தைப் பீடை மாதமென்று ஒதுக்கி நிக்காஹ் வைக்க மறுக்கிறோம். ஒடுக்கத்துப் புதனன்று பலா முஸீபத்து நீங்கும் என்று மாவிலையில் எழுதிக் கரைத்துக் குடிக்கிறோம். கிரகணத்தன்று கர்ப்பிணிகளை அறைக்குள் பூட்டி வைக்கிறோம். பெயர்கள்தாம் மாறியிருக்கின்றன, பயம் மாறவில்லை.

நமக்கு மிக நெருங்கிய ஒரு குடும்பத்தில் நடந்ததை இங்கே சொல்ல வேண்டும். கடற்கரையோரத்து ஊர். மகனுக்கு நிக்காஹ் முடிந்து மருமகள் வீட்டுக்கு வந்த மூன்றாம் நாள், மாப்பிள்ளையின் வாப்பா மாரடைப்பால் மௌத்தாகிவிட்டார். இன்னா லில்லாஹி வஇன்னா இலைஹி ராஜிஊன். அவருக்குப் பல ஆண்டுகளாக இருதயக் கோளாறு இருந்தது, மருத்துவரும் எச்சரித்திருந்தார். வீட்டார் எல்லோருக்கும் இது தெரியும். ஆனாலும் ஜனாஸா வீட்டிலேயே பேச்சுக் கிளம்பிவிட்டது. முதல்நாள் இரவு கொல்லைத் தென்னையில் ஆந்தை அலறியதாம். மணப்பெண் படியேறும்போது பூனை குறுக்கே போனதாம். 'அவள் காலடி எடுத்து வைத்த நேரம் சரியில்லை' என்று ஒருவர் சொல்ல, 'ஆமாம்' என்று நாலு பேர் தலையசைத்தார்கள். நாற்பதாம் நாள் முடியட்டும் என்று தாய்வீட்டுக்கு அனுப்பப்பட்ட அந்தப் பெண்ணை யாரும் திரும்ப அழைக்கவில்லை. எட்டு மாதங்கள் ஓடிவிட்டன. பத்தொன்பது வயதுப் பெண். மருதாணிச் சிவப்பு மங்குமுன்னே ஒரு மரணத்தின் பழி அவள் தலையில் விழுந்தது. விசாரணையில்லை; சாட்சியில்லை. சாட்சி என்று யாராவது உண்டென்றால், ஓர் ஆந்தையும் ஒரு பூனையும்தாம்!

சகுனம் சின்ன விஷயமன்று என்று நாம் உணர்ந்தது அன்றைக்குத்தான். தண்ணீர் குடித்துவிட்டுப் புறப்படுவதில் யாருக்கும் பெரிய நஷ்டமில்லை என்று தோன்றலாம். ஆனால் காரணமில்லாததைக் காரணமென்று ஏற்கும் பழக்கம் ஒரு பூனையோடு நின்றுவிடுவதில்லை. பூனையிலிருந்து அது மனிதருக்குத் தாவுகிறது. கைம்பெண் எதிரே வந்தால் ஆகாது, பிள்ளையில்லாதவள் முகத்தில் விழித்தால் ஆகாது என்று, ஏற்கெனவே துன்பத்தில் இருப்பவர்களையே தேடிப் பிடித்துத் தண்டிக்கிறது.

இந்தப் போக்கைத் திருமறை நமக்கு முன்னரே காட்டித் தந்திருக்கிறது. ஃபிர்அவ்னின் கூட்டத்தார் தங்களுக்கு நன்மை வந்தால் அது தங்களுக்கு உரியது என்பார்கள். தீமை வந்தால் மூஸா (அலை) அவர்களாலும் அவர்களுடன் இருப்பவர்களாலும் வந்த துர்ச்சகுனம் என்பார்கள் என்று அஃராஃப் அத்தியாயம் கூறுகிறது. ஸமூது கூட்டத்தார் ஸாலிஹ் (அலை) அவர்களைப் பார்த்து இதையே சொன்னதாக நம்ல் அத்தியாயம் கூறுகிறது. தம்மிடம் வந்த தூதர்களைத் துர்ச்சகுனம் என்று தூற்றிய ஊராரிடம், உங்கள் துர்ச்சகுனம் உங்களிடமே இருக்கிறது என்று அத்தூதர்கள் விடையளித்ததை யாசீன் அத்தியாயத்தில் நாம் ஓதுகிறோம். அந்த மய்யித்து வீட்டிலும் யாசீன் ஓதப்பட்டது. ஓதியவர்களே அந்தப் பெண்ணைத் துர்ச்சகுனம் என்றும் சொன்னார்கள்.

ஆலிம் ஒருவரை அழைத்துக்கொண்டு அந்த வீட்டுக்குச் சென்றோம். மாப்பிள்ளையின் மாமா ஒருவர், ஓரளவு கிதாபு படித்தவர், உடனே ஒரு ஹதீஸைக் கொண்டுவந்தார். வீடு, பெண், குதிரை ஆகிய மூன்றில் துர்ச்சகுனம் உண்டென்று புகாரியிலேயே வருகிறதே என்றார். அந்த ஆலிம் நிதானமாக விளக்கினார். அதே புகாரியில் மற்றோர் அறிவிப்பு, துர்ச்சகுனம் என்பது எதிலேனும் இருக்குமானால் இவற்றில் இருக்கும் என்று நிபந்தனையோடு வருகிறது. அன்னை ஆயிஷா (ரலி) அவர்களிடம் இச்செய்தி எட்டியபோது கடுமையாக மறுத்து, அறியாமைக் கால மக்கள் இப்படிச் சொல்லி வந்தார்கள் என்பதையே நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் எடுத்துரைத்தார்கள் என்று தெளிவுபடுத்தியுள்ளார்கள். மேலும், தொற்றும் இல்லை, தியராவும் இல்லை, ஆந்தையும் இல்லை, ஸஃபரும் இல்லை என்ற கருத்தில் நாயகம் (ஸல்) அவர்கள் தீர்க்கமாக மொழிந்திருக்க, அதற்கு மாறாக இந்த ஒரு செய்தியை வைத்துக்கொண்டு ஒரு பெண்ணைத் தண்டிப்பது எப்படி நியாயமாகும் என்று கேட்டார்.

இங்கே 'ஆந்தையும் இல்லை' என்பதன் விளக்கத்தை அன்பர்கள் கவனிக்க வேண்டும். கொலையுண்டவனின் ஆவி ஆந்தையாக மாறி, பழிவாங்கும் வரை இரத்தம் கேட்டு அலறும் என்று அரபிகள் நம்பினார்கள். ஆந்தையின் குரலைக் கேட்டு எத்தனையோ வாள்கள் உறையைவிட்டு வெளிவந்திருக்கும். அந்த நம்பிக்கையைத்தான் நாயகம் (ஸல்) அவர்கள் ஒரே சொல்லில் துடைத்தெறிந்தார்கள். 'ஸஃபரும் இல்லை' என்பதற்கு அம்மாதத்தைப் பீடையென்று கருதியதை மறுப்பதாக உலமாப் பெருமக்கள் பலர் விளக்கம் தந்துள்ளனர்.

'தொற்று இல்லை' என்றதும் சிலருக்கு ஐயம் வரலாம். காரண காரியத்தையே மார்க்கம் மறுக்கிறதா? ஒருக்காலும் இல்லை. நோயுற்ற ஒட்டகங்களை நலமான ஒட்டகங்களோடு சேர்க்க வேண்டாமென்று தடுத்ததும், கொள்ளைநோய் பரவிய ஊருக்குள் செல்லாதீர்கள், அங்கிருந்து வெளியேறவும் செய்யாதீர்கள் என்று கட்டளையிட்டதும் அதே நபி (ஸல்) அவர்களே. ஷாம் தேசத்தில் அம்வாஸ் கொள்ளைநோய் பரவியபோது உமர் (ரலி) அவர்கள் பாதி வழியிலேயே படையைத் திருப்பினார்கள். அல்லாஹ்வின் விதியிலிருந்து ஓடுகிறீர்களா என்று கேட்கப்பட்டபோது, அவன் விதியிலிருந்து அவன் விதியின் பக்கமே செல்கிறோம் என்று விடையளித்தார்கள். நோய் தானாக இயங்கும் ஒரு சக்தியன்று, அல்லாஹ்வின் நாட்டப்படியே இயங்குகிறது என்பதுதான் கருத்து.

ஆகவே காரணத்தைப் பார்ப்பது வேறு, சகுனம் பார்ப்பது வேறு. கீழ்வானம் கறுத்துக் காற்று மாறினால் மீனவர் படகை இறக்கத் தயங்குகிறார். அது அறிவு, ஏனெனில் காற்றுக்கும் அலைக்கும் தொடர்பிருக்கிறது. மழைக்கு முன்வரும் காற்றை அல்லாஹ் தன் அருளுக்கு முன்வரும் நற்செய்தி என்றே திருமறையில் வருணிக்கிறான். ஈசல் புற்றைவிட்டுக் கிளம்புவதற்கும் காற்றின் ஈரத்துக்கும் தொடர்புண்டு. ஆனால் பூனை தெருவைக் கடப்பதற்கும் நம் வியாபாரத்துக்கும் என்ன தொடர்பு? அது எலியைத் தேடியோ குட்டியைத் தேடியோ போகிறது. பல்லி ஒலியெழுப்புவது தன் எல்லையை அறிவிக்கவும் துணையை அழைக்கவும்தான். நம் எதிர்காலத்தைப் பற்றி அதற்கு என்ன தெரியும்? திருமறை இயற்கையைப் பார்க்கும்படி நம்மைத் திரும்பத் திரும்ப அழைக்கிறது. வானமும் பூமியும் பறவையும் தேனீயும் அத்தாட்சிகள் என்கிறது. அத்தாட்சி நம்மைப் படைத்தவனிடம் கொண்டு சேர்க்கிறது. சகுனமோ அவனை மறக்கச் செய்து படைப்பின் முன்னால் நடுங்க வைக்கிறது.

இதற்கு நாயகத்தின் வாழ்விலேயே உருக்கமான சான்று ஒன்றுண்டு. அவர்களின் அருமைக் குழந்தை இப்ராஹீம் மறைந்த நாளில், கி.பி. 632-ஆம் ஆண்டு, சூரிய கிரகணம் பிடித்தது. இப்ராஹீமின் மறைவுக்காகவே சூரியன் இருண்டது என்று மதீனாவில் மக்கள் பேசிக்கொண்டார்கள். வேறொரு தலைவராக இருந்தால் அந்தப் பேச்சை விட்டுவைத்திருப்பார். புத்திர சோகத்தில் இருந்த அந்தத் தந்தையோ எழுந்து நின்று, சூரியனும் சந்திரனும் அல்லாஹ்வின் அத்தாட்சிகள், எவருடைய மரணத்துக்காகவும் எவருடைய வாழ்வுக்காகவும் அவற்றுக்குக் கிரகணம் பிடிப்பதில்லை என்று அறிவித்து, தொழுகைக்கு வழிகாட்டினார்கள். தமக்குப் பெருமை சேர்க்கக்கூடிய சகுனத்தைக்கூட ஏற்க மறுத்த நபியின் உம்மத்து நாம். பிறரைச் சிறுமைப்படுத்தும் சகுனத்தை நாம் ஏற்கலாமா?

நாம் துர்ச்சகுனமென்று அஞ்சும் சிலவற்றை மார்க்கம் எப்படிப் பார்க்கிறது என்பதையும் காண்போம். தும்மலை அல்லாஹ் விரும்புகிறான் என்று ஹதீஸில் வருகிறது. தும்மியவர் அவனைப் புகழ வேண்டும். கேட்டவர் அவருக்கு ரஹ்மத்தை வேண்டி துஆச் செய்ய வேண்டும். இரு முஸ்லிம்கள் ஒருவருக்கொருவர் துஆச் செய்யக் கிடைத்த தருணத்தை நாம் முகச்சுளிப்பாக மாற்றிவிட்டோம். பூனை அசுத்தமன்று, நம்மைச் சுற்றி வரும் பிராணிகளில் ஒன்று என்று நாயகம் (ஸல்) அவர்கள் கூறியதை அபூகதாதா (ரலி) அவர்கள் அறிவிக்கிறார்கள். ஹதீஸ்களை மிக அதிகமாக அறிவித்த ஸஹாபியின் பெயரே அபூஹுரைரா, பூனைக்குட்டியின் தந்தை! ஷவ்வால் மாதத்தில் மணம் முடித்தால் ஆகாது என்று அரபிகள் எண்ணியிருந்தார்கள். அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள், தம் நிக்காஹும் இல்லற வாழ்வின் தொடக்கமும் ஷவ்வாலிலேயே நிகழ்ந்ததை எடுத்துக்காட்டி, தம்மைவிட நாயகத்தின் அன்புக்கு உரியவர் யார் என்று கேட்டார்கள்.

நம் அச்சத்துக்கு விலை கொடுக்கும் வாயில்லா ஜீவன்களையும் எண்ணிப் பார்க்க வேண்டும். வயல் எலிகளைத் தின்று விவசாயிக்கு உதவும் கூகையைக் கல்லெறிந்து துரத்துகிறோம். சிறகு வெட்டிக் கூண்டிலடைத்த கிளியிடம் சீட்டெடுத்துத் தரச் சொல்லி நம் எதிர்காலத்தைக் கேட்கிறோம். தன் விடுதலைக்கே வழியறியாத அந்தக் கிளி நமக்கு என்ன வழி சொல்லும்? பெரிய கண்களோடு இரவில் மரத்தில் ஊர்ந்து பூச்சி தின்னும் சாதுவான தேவாங்கைத் துர்ச்சகுனமென்றும், மாந்திரீகத்துக்கு ஆகுமென்றும் கொன்றுவந்த கொடுமையும் நம் நாட்டில் உண்டு. 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் இவற்றைக் காக்கிறது. 2022-ஆம் ஆண்டில் கரூர், திண்டுக்கல் மாவட்டங்களில் 11,806 ஹெக்டேர் பரப்பில் கடவூர் தேவாங்கு சரணாலயம் அறிவிக்கப்பட்டது. சட்டம் வந்துதான் நமக்கு இரக்கம் வர வேண்டுமா? ஒரு பூனையைக் கட்டிவைத்துப் பட்டினி போட்ட பெண் நரகம் புகுந்த செய்தி நமக்குப் போதாதா?

இனி, நாம் நேர்மையாக ஒப்புக்கொள்ள வேண்டிய ஒன்றுண்டு. இவ்வளவும் தெரிந்த பின்னும் நடுநிசியில் ஆந்தை அலறினால் நெஞ்சு திக்கென்கிறது. நம் தாயார் நோயுற்றுப் படுத்திருந்த இரவொன்றில் அந்தக் குரலைக் கேட்டு நமக்கும் உடல் நடுங்கியது; அதை மறைப்பானேன்? அப்படியானால் நம் ஈமான் போய்விட்டதா?

முஆவியா இப்னு ஹகம் (ரலி) அவர்கள், எங்களில் சகுனம் பார்ப்போர் உள்ளனரே என்று வினவியபோது, அது அவர்கள் தம் நெஞ்சங்களில் காணும் ஒரு விஷயம், அது அவர்களைத் தடுத்துவிட வேண்டாம் என்ற கருத்தில் நாயகம் (ஸல்) அவர்கள் விடையளித்தார்கள். சகுனம் பார்ப்பது ஷிர்க் என்ற ஹதீஸை அறிவிக்கும் இப்னு மஸ்ஊத் (ரலி) அவர்களும், நம்மில் அந்த எண்ணம் தோன்றாதவர் இல்லை, ஆனால் தவக்குலைக் கொண்டு அல்லாஹ் அதைப் போக்கிவிடுகிறான் என்று தொடர்கிறார்கள். இப்பிற்பகுதி இப்னு மஸ்ஊத் (ரலி) அவர்களின் சொல் என்பது ஹதீஸ் கலை அறிஞர் பலரின் கருத்து. எத்தகைய ஆறுதல் இது! நெஞ்சில் தோன்றும் நடுக்கத்துக்கு நாம் பொறுப்பாளிகள் அல்லர். அந்த நடுக்கத்தை நீதிபதியாக்கி, பயணத்தைத் தடுத்து, நிக்காஹை ஒத்திவைத்து, ஒரு பெண்ணை வீட்டைவிட்டுத் தள்ளுகிறோமே, அதற்குத்தான் நாம் பொறுப்பு. அச்சம் வரும், அதற்குக் கீழ்ப்படியாமல் இருப்பதே தவக்குல்.

அன்று அந்த வீட்டில், திரைக்கு அப்பாலிருந்து மாமியார் கேட்டார்: "எல்லாம் சரிதான் ஹஜ்ரத். அப்படியானால் அன்றைக்கு ராத்திரி ஆந்தை ஏன் அலறியது?"

ஆலிம் சொன்னார்: "அது எல்லா ராத்திரியும்தான் அலறுகிறது உம்மா. மறுநாள் மய்யித்து விழுந்ததால் அந்த ஒரு ராத்திரி மட்டும் உங்கள் நினைவில் நின்றுவிட்டது."

நெடுநேரம் பதிலில்லை. பிறகு அழுகை கேட்டது. இத்தா இருந்த நாளெல்லாம் தமக்கே இந்த எண்ணம் உறுத்திக்கொண்டிருந்தது என்றார். மறுவாரம் மகனை அனுப்பி மருமகளை அழைத்துக்கொண்டார்.

சில மாதங்களுக்குப் பின் அந்த வீட்டாரைக் கண்டோம். கடையில் வியாபாரம் நன்றாக நடந்துகொண்டிருந்தது. "மருமகள் திரும்பி வந்த ராசி!" என்று மகிழ்ச்சியோடு சொன்னார்கள். நாம் அதையும் வேண்டாமென்று தடுத்தோம். இன்று லாபம் அவள் ராசி என்றால், நாளை நஷ்டம் வரும்போது அதுவும் அவள் ராசிதானே? பழியும் புகழும் ஒரே வாசல் வழியாகத்தான் வருகின்றன. அவள் ஒரு மனுஷி. நல்ல மருமகளாக இருந்தால் அவளை அதற்காகப் பாராட்டுங்கள். வரவுக்கும் இழப்புக்கும் அல்லாஹ்வைப் பாருங்கள் என்றோம்.

'அப்படியானால் நல்ல சகுனமும் கூடாதா?' என்று கேட்கலாம். நல்ல சொல்லைக் கேட்டு மகிழ்வதை நாயகம் (ஸல்) அவர்கள் விரும்பினார்கள். ஹுதைபிய்யாவில் குறைஷியர் சார்பில் ஸுஹைல் என்பவர் வந்தபோது, எளிமை என்ற பொருள் தொனிக்கும் அப்பெயரைக் கொண்டு காரியம் எளிதாகும் என்று நல்லெண்ணம் கொண்டார்கள். ஆனால் அந்தப் பெயரை நம்பி அவர்கள் காரியத்தை முடிவு செய்யவில்லை. அது அல்லாஹ்வின் மீதுள்ள நம்பிக்கையை வளர்த்தது. எவர் மீதும் பழி சுமத்தவில்லை.

முடிவெடுக்க வேண்டிய நேரத்தில் என்ன செய்வது? அதற்கும் மார்க்கம் நம்மை வெறுங்கையோடு விடவில்லை. அறிந்தவர்களிடம் மஷூரா செய்ய வேண்டும். இரண்டு ரக்அத் தொழுது இஸ்திகாரா துஆ ஓத வேண்டும். திருக்குர்ஆனின் அத்தியாயத்தைக் கற்றுத் தருவதுபோல் அந்த துஆவைத் தங்களுக்கு நாயகம் (ஸல்) அவர்கள் கற்றுத் தந்ததாக ஜாபிர் (ரலி) அவர்கள் கூறுகிறார்கள். நீயே அறிந்தவன், நான் அறியாதவன் என்று படைத்தவனிடம் ஒப்புக்கொள்ளும் அடியானுக்குப் பறவையிடமும் பல்லியிடமும் கேட்க என்ன இருக்கிறது?

ஆகவே அடுத்த முறை பூனை குறுக்கே போகும்போது, அன்பர்களே, அதற்கு வழிவிட்டு நில்லுங்கள். அதுவும் அல்லாஹ்வின் படைப்பு; அதற்கும் ஓர் அவசரம் இருக்கலாம். அது போனதும் நீங்கள் உங்கள் வழியே நடந்து செல்லுங்கள்.

காரணமில்லாத அச்சங்களிலிருந்தும், காரணமின்றிப் பிறரைப் பழிக்கும் பாவத்திலிருந்தும் வல்ல அல்லாஹ் நம்மையும் நம் இல்லங்களையும் காத்தருள்வானாக! ஆமீன்.